பினாங்கில் ஒரு பகல்: கொடிமலைக் காடும் நாசி கண்டாரும் இரண்டும் முடியுமா?

கேள்வி – மதுரைப்பயணி
சிங்கப்பூரில் ஏறும் கப்பல் பினாங்கில் காலை 8 மணிக்கு நின்று மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது. 5 மணிக்குள் ஏறிவிட வேண்டும். நாங்கள் நான்கு பேர். அம்மாவுக்கு 66 வயது, மூட்டுவலி உண்டு. அப்பா சுத்த சைவம். கப்பலின் சுற்றுலாவை எடுக்காமல் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) போய்வந்து ஊர்ச் சாப்பாடும் சாப்பிட நேரம் போதுமா? எதை முதலில் வைத்துக்கொள்வது?

பதில் – ஆயர்ஈத்தாம்வாசி
போதும். மலை முதலில், சாப்பாடு அப்புறம். மாற்றிச் செய்தால் சிக்கல். காலை போகப் போக மலை ரயிலுக்கு வரிசை நீண்டுவிடும். இடிமழையும் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். மின்னல் அடித்தால் மேலே உள்ள தொங்குபாலத்தை மூடிவிடுவார்கள்.

கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் டாக்சிக்குப் பேரம் பேச வேண்டாம், வெளியே வந்து கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) போடுங்கள். அடிவார நிலையத்துக்கு அரை மணி நேரம். ஜெட்டி பேருந்து நிலையத்திலிருந்து 204 பேருந்தும் போகும். மலிவு, ஆனால் மீதிச் சில்லறை கிடைக்காது, நேரமும் இரட்டிப்பு. அம்மாவோடு அது வேண்டாம்.

ரயில் டிக்கெட்டை முன்னாடியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். 1923-இல் தொடங்கிய தடம் இது. 2011-இல் மாற்றிய பெட்டிகள் நடுவில் மாறாமல் நேரே உச்சிக்குப் போகும். பெட்டியின் தரை படிப்படியாக இருக்கும், இருக்கை குறைவு. கதவு திறந்ததும் அம்மாவை உட்கார வைத்துவிடுங்கள்.

மேலே போனதும் படம் எடுக்கும் இடங்களில் நேரத்தைக் கொட்டாமல் ‘தி ஹாபிடாட்’ என்ற காட்டுப் பூங்கா பக்கம் நடங்கள். தனி டிக்கெட், பாதை 1.6 கிலோமீட்டர். காட்டுக்குள் போனாலும் நல்ல தடம், பெரும்பகுதி சமதளம். கர்ட்டிஸ் கிரெஸ்ட் வட்டமேடைக்கு மட்டும் ஏற வேண்டும். அம்மா அதை விட்டுவிடலாம், தொங்குபாலம் ஆடும் என்பதால் அதையும். மெதுவாகப் போங்கள், பேச்சைக் குறையுங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு கிளையை வளைத்துத் தளிரைக் கிள்ளித் தின்பதைப் பக்கத்திலேயே பார்க்கலாம். நம்மூர் மலையணிலின் இனமான கறுப்பு ராட்சத அணிலும் உண்டு. பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். நீளவால் குரங்குகளுக்குப் பை என்றால் தீனி, பறித்துவிடும்.

12 மணிக்குள் இறங்கும் வரிசையில் நின்றுவிடுங்கள். உச்சியில் அருளொளித் திருமுருகன் கோவிலும் இருக்கிறது, பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பதில் – கண்டார்பிரியன்
இறங்கியதும் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் அசாம் லக்சா, அதாவது புளிப்பு மீன் குழம்பில் நூடுல்ஸ். வண்டியில் சில நிமிடம்தான். வேகவைத்து உதிர்த்த கெம்போங் மீன் (நம் அயிலையின் இனம்), புளி, தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே புதினா, வெள்ளரி, அன்னாசி. கரண்டியில் கறுப்பாக, பாகு மாதிரி வருவது ஹே கோ, இறால் விழுது. அதை முழுசாகக் கலக்காதீர்கள். பாதியைக் கரைத்துச் சுவை பார்த்து மீதியைச் சேருங்கள், இல்லாவிட்டால் இனிப்பும் உப்பும் புளிப்பை அமுக்கிவிடும். நாலு பேருக்கு இரண்டு கிண்ணம் போதும், வயிற்றில் இடம் வையுங்கள்.

பிறகு நகரத்துக்குத் திரும்பி நாசி கண்டார். ‘கண்டார்’ என்றால் தோளில் தண்டு வைத்துச் சுமப்பது. தமிழ் முஸ்லிம்கள் அப்படிச் சோறும் குழம்பும் சுமந்து விற்றதில் வந்த பெயர். பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். “குவா சம்போர்” என்றால் பல குழம்புகளையும் கலந்து ஊற்றுவார்கள், “பஞ்சிர்” என்றால் சோறு மூழ்கும் அளவுக்கு. பெரிய இறால், மீன்தலை, மீன்முட்டை இவற்றைத் தட்டில் வைக்குமுன் விலை கேளுங்கள். பில் எகிறுவது அங்கேதான். கோழியும் வெண்டைக்காயும் எடுத்தால் பயமில்லை.

மதுரைப்பயணி
அப்பாவுக்கு நாசி கண்டார் கடையில் காய்கறி மட்டும் வாங்கித் தந்தால் ஆகாதா?

கண்டார்பிரியன்
வேண்டாம். ஒரே கரண்டி இறைச்சிக் குழம்பிலும் காய்கறியிலும் போகும். கீரைப் பிரட்டலில்கூட பிளாச்சான், அதாவது இறால் விழுது, சேர்ந்திருக்கலாம். துறையிலிருந்து பத்து நிமிட நடையில் லிட்டல் இந்தியா. அங்கே சைவ வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். அப்பா முதலில் அங்கே சாப்பிடட்டும். பினாங்கு ரோட்டுப் பக்கம் செண்டோல் அவருக்கும் ஆகும்: பாண்டான் இலைப் பச்சை நூல், தேங்காய்ப்பால், குலா மலாக்கா வெல்லம், பனித்துருவல்.

பதில் – கப்பல்கணக்கு
இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. கப்பல் சிங்கப்பூருக்கே திரும்புவதாக இருந்தால் உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று பாருங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும்.

கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவர்களுக்குக் காத்திராது. அதனால் 3:30-க்கெல்லாம் துறையிலிருந்து நடைதூரத்துக்குள் வந்துவிடுங்கள். மலை ரயில் நின்றுபோனால் தாவரவியல் பூங்கா பக்கம் இறங்கும் ஜீப் சாலை ஒன்று உண்டு. சுமார் 5 கிலோமீட்டர், கடும் சரிவு. மூட்டுவலிக்காரர் அதில் நடக்கவே கூடாது. நிலைய ஊழியரிடம் சொல்லி அம்மாவுக்கு வண்டி கேளுங்கள்.