சீட்டு நம்பரையே பிரைமரி கீ ஆக்கலாமா?

முக்கூடல்காரன்:
ஊர்ல ஒரு பீடிக்கடைக்கு கணக்கு புரோகிராம் எழுதிட்டிருக்கேன். ஏஎஸ்பி டாட் நெட் கோர், என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் (ஈஎஃப், கிளாஸை டேபிளா டேட்டாபேஸ்ல சேக்குறது), டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர். இலை, தூள் எடை எழுதுற சீட்டுக்கு 'சீட்டு'னு ஒரு கிளாஸ்: கடை, வருஷம், சீட்டுநம்பர், இலை எடை, தூள் எடை. ஓட்டினா, இந்த என்டிட்டிக்கு (டேபிளாகிற கிளாஸ்) பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் தனியா பிரிச்சுக் காட்டுற அடையாளம், வேணும்னு எர்ரர். சீட்டுநம்பர்தான் இருக்கே, அது போதாதா?

கல்லிடை அப்பளம்:
'ஐடி'ன்னோ, கிளாஸ் பேரோட ஐடி சேர்த்தோ பேர் வச்சாத்தான் ஈஎஃப் தானா கீயா எடுத்துக்கிடும். கீயே இல்லைன்னு சொல்ற ஹேஸ்நோகீ போட்டுப் பாருங்க, எர்ரர் போயிரும்.

பாளையங்கோட்டை டெவ்:
எர்ரர் போவும், கூடவே சோலியும் போயிரும். கீ இல்லாத என்டிட்டியை ஈஎஃப் டிராக் பண்ணாது, அதுல என்ன மாறுச்சுன்னு கவனிக்காது. படிக்கலாம், சேவ் பண்ண முடியாது. வியூ, ரிப்போர்ட்டுக்கு வச்சது அது.

முக்கூடல் தம்பி, சீட்டு புக் வருஷா வருஷம் 1ல இருந்துதான ஆரம்பிக்கும்? அப்போ நம்பர் மட்டும் பத்தாது. டேபிள் அமைப்பைச் சொல்ற ஆன்மாடல்கிரியேட்டிங் மெத்தட்ல கடை, வருஷம், சீட்டுநம்பர் மூணையும் சேர்த்து ஹேஸ்கீ குடுங்க. மூணு மேலயும் தனித்தனியா கீ அட்ரிபியூட் ஒட்டினா ஒத்துக்காது. ஈஎஃப் கோர் 7ஓ அதுக்கு மேலயோன்னா கிளாஸ் தலைமேலயே பிரைமரிகீ அட்ரிபியூட் வைக்கலாம்.

குறுக்குத்துறை:
அண்ணாச்சி, இதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். சாயங்காலக் கூட்டத்துல 212ஐ 221னு அடிச்சிட்டா? சேவ் ஆன கீயோட மதிப்பை மாத்த ஈஎஃப் விடாது, எக்செப்ஷன் எறியும். அழிச்சிட்டுப் புதுசா போடணும். அந்தச் சீட்டோட சேர்ந்த கூலிப் பதிவுக்கெல்லாம் மூணு காலத்துல (டேபிள் பத்தி) ஃபாரின் கீ, அதாவது சீட்டைச் சுட்டுற இணைப்பு, வேற. பேசாம ஐடி வைங்க.

பாளையங்கோட்டை டெவ்:
ஐடி மட்டும் வச்சா ஒரே சீட்டை நாலு தடவை ஏத்தினாலும் வாங்கிக்கிடும்வே. கூலி ரெண்டு தடவை போனா உம்மகிட்டயா வந்து கேப்பாங்க?

குறுக்குத்துறை:
மூணு காலத்துக்கும் சேர்த்து ஹேஸ்இண்டெக்ஸ், அதுக்குப் பின்னால இஸ்யூனிக், ஒரே சீட்டு ரெண்டாவது தடவை ஏறாது. ஒரே வரி.

பாளையங்கோட்டை டெவ்:
அந்த ஒரு வரியை மறந்த புரோஜெக்ட் எத்தனையத் துடைச்சிருக்கேன்னு எனக்குத் தெரியும்லா. கீயை மறந்தா ஓடாது. இண்டெக்ஸை மறந்தா ஓடும், அதுதான் பயமே.

குறுக்குத்துறை:
உங்க மறதிக்கு அந்தப் பையன் டேபிளை ஏன் கெடுக்கணும்?

தம்பி, இந்தச் சண்டையில ஒண்ணை விட்டுராதீங்க. மஞ்சள்ல ஒரு வார்னிங் ஓடியிருக்கும், பாத்தீங்களா? டெசிமலுக்கு அளவு சொல்லாட்டா எஸ்கியூஎல் சர்வர்ல (18,2)னு, அதாவது மொத்தம் 18 இலக்கம், புள்ளிக்குப் பின்னால 2னு, காலம் உண்டாக்கிரும். 1.324 கிலோ தூள் 1.32னு உக்காந்துக்கிடும், எர்ரரே வராது. 4 கிராம் எங்க போச்சுன்னு கடைக்காரர் தராசைப் போட்டு உதைப்பார். எடை ரெண்டுக்கும் ஹேஸ்பிரிசிஷன் (18, 3) வைங்க. உள்ள போய்ச் சேர்ந்த பிறகு அளவைக் கூட்டினா அந்த 4 திரும்ப வராது.

கல்லிடை அப்பளம்:
ஹேஸ்நோகீ சொன்னது தப்புதான், விடுங்க.

முக்கூடல்காரன்:
ஐடியும் யூனிக் இண்டெக்ஸும் வச்சிட்டேன், எடையும் சரியாயிட்டு. பழைய எக்செல் கணக்கை ஏத்தினா பாதியில நின்னுட்டு. கடை 3, 2023, சீட்டு 212 ரெண்டு தடவை கெடக்கு, எடை வேற வேற. கடைக்காரர் பரண்ல பழைய புக்கைத் தேடிட்டிருக்கார்.

பாளையங்கோட்டை டெவ்:
ஹேஸ்கீ போட்டிருந்தாலும் அங்கனதான் நின்னிருக்கும்.