பொருள்: ‘முக மீட்டுருவாக்கம்’ சரியான சொல்தானா? (தடயவியல் முகப்படச் சொற்கள்)

செங்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அடையாளம் தெரியாத உடல்கள் தொடர்பாகக் காவல் நிலைய எழுத்தர்களுக்குத் தயாராகும் தமிழ்க் கையேட்டில் ஐந்து சொற்கள் இழுபறியாக நிற்கின்றன. புளியரை, வாளையார், களியக்காவிளை பக்கம் தண்டவாளத்திலோ ஆற்றிலோ உடல் கிடைத்தால் தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பு போக வேண்டும். ஊத்துக்கோட்டை, திருத்தணிப் பக்கம் என்றால் தெலுங்கும் வேண்டும். எந்தப் பக்கத்து உறவினர் படித்தாலும் ஒரே பொருள் தரும் சொல்லாக இருப்பது நல்லது.

என் பட்டியல் இது: மண்டையோட்டையும் ஒருவரின் நிழற்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் சூப்பர் இம்போசிஷனுக்கு மேற்பொருத்தல், மண்டையோட்டின் மேல் முகத்தை அமைக்கும் ஃபேஷியல் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு முக மீட்டுருவாக்கம், அப்போது எலும்பின் மேல் சதை எவ்வளவு தடிமன் என்று காட்டும் டிஷ்யூ டெப்த் மார்க்கருக்குத் தசைத் தடிமன் குறி, சாட்சி சொல்லக் கேட்டு வரையும் கம்போசிட்டுக்குக் கூட்டு ஓவியம், இறந்தவர் படத்தை உறவினருக்குக் காட்டும்படி செய்யும் ரீடச்சுக்கு முகத் திருத்தம். தயங்காமல் அடித்துத் திருத்துங்கள்.

பாலக்காட்டிலிருந்து:

> முக மீட்டுருவாக்கம்

இது வேண்டாம் ஐயா. மீட்பது என்றால் இருந்ததை அப்படியே திரும்பக் கொண்டுவருவது. மண்டையோட்டை வைத்துக்கொண்டு அதை யாராலும் செய்ய முடியாது. ஆங்கிலத்திலேயே இப்போது பலர் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனை விட்டுவிட்டு அப்ராக்சிமேஷன், அதாவது ஏறத்தாழ அமைப்பது, என்கிறார்கள். வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும்.

மண்டையோடு வந்ததும் டி.என்.ஏ.வுக்கான பல்லையோ தொடை எலும்புத் துண்டையோ முதலில் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். பிளீச்சிங் போட்டுக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்தால் டி.என்.ஏ. சிதையும். அதன் பிறகுதான் ஆணா பெண்ணா, உத்தேச வயது என்ன என்று எலும்பியல் வல்லுநர் சொல்வார். சி.டி. ஸ்கேனோ வார்ப்போ எடுத்து அந்த நகலின் மேல்தான் வேலை. அசலின் மேல் முகம் அமைக்கும் களிமண் படக்கூடாது. கீழ்த்தாடையைப் பொருத்தும்போது மூட்டுக் குழியில் உயிரோடு இருந்தபோது குருத்தெலும்புத் தட்டு இருந்த இடத்துக்கு மெழுகு வைக்க வேண்டும். அதை மறந்தால் முகம் குட்டையாகிவிடும்.

அடுத்து, குறிப்பிட்ட எலும்புப் புள்ளிகளில் சதையின் தடிமனைக் காட்டும் முளைகளை ஒட்டுவார்கள். பென்சில் அழிக்கும் ரப்பர் குச்சியை அளவாக வெட்டி ஒட்டுவது பழைய அமெரிக்க வழக்கம். புருவங்களுக்கு நடுவே சுமார் 5 மி.மீ., மூக்கெலும்பு முடியும் இடத்தில் சுமார் 3 மி.மீ., மேலுதட்டுக் குழிவில் 10-11 மி.மீ. கன்னத்துக்குப் போனால் 20ஐத் தொடும், தாண்டும். எல்லாமே சராசரிகள்தான். ஆள் ஒல்லியா பருமனா என்பதை மண்டையோடு சொல்லாது. கன்னமும் தாடைக்கீழும் பிழையாவது பெரும்பாலும் இதனால்தான். சுவிட்சர்லாந்தில் பிறந்த உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் 1895ல் இந்தத் தடிமனைப் பிணங்களில் ஊசி குத்தி அளந்தார். இறந்த உடலில் திசு வற்றும், தொங்கும். அதனால் உயிரோடிருப்பவர்களிடம் அல்ட்ராசவுண்டிலும் ஸ்கேனிலும் எடுத்த அளவுகளே இப்போது விரும்பப்படுகின்றன.

கண்விழிக்கு சுமார் 24 மி.மீ. உருண்டை. மூக்குத் துளையின் எலும்பு அகலம் மொத்த மூக்கு அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்பது பழைய விதி. நுனி குருத்தெலும்பு என்பதால் அதன் வடிவம் ஊகம். காது முழுக்க ஊகம். உதட்டுத் தடிப்பு, இமை மடிப்பு, முடி, மீசை எதற்கும் எலும்பில் உறுதியான சாட்சி இல்லை.

அப்படிச் செய்த உருவத்துக்கு மீசையும் குங்குமமும் வைத்துச் சுவரொட்டியில் ‘இறந்தவரின் முகம்’ என்று அச்சடித்தால், மீசை வைக்காத மகனைத் தேடும் தாய் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். உறவினரைத் தூண்டி “ஒருவேளை இருக்குமோ” என்று ஸ்டேஷனுக்கு வரவைப்பதுதான் இந்தப் படத்தின் வேலை. அடையாளத்தை உறுதி செய்யும் வேலை அதற்கு இல்லை. எனவே முகக்கணிப்பு என்று வைப்போம்.

அடுத்தது,

> தசைத் தடிமன் குறி

தசை மட்டுமில்லை, தோலும் கொழுப்பும் சேர்ந்த மொத்தம். மென்திசு ஆழமுளை எப்படி?

திருத்தணியிலிருந்து:

அக்கா சொன்ன காரணம் முழுக்கச் சரி. ஆனால் ‘கணிப்பு’ என்றதும் நம் மக்களுக்கு ஜாதகமும் தேர்தலும்தான் நினைவுக்கு வரும். குறுக்கு விசாரணையில் வக்கீல் “கணித்தீர்களா?” என்று கேட்டால் சாட்சி தடுமாறுவார். ‘முகத் தோராயம்’ எனலாமா?

மேற்பொருத்தல் எனக்குச் சம்மதம், அதோடு ‘மண்டையோடு–நிழற்பட மேற்பொருத்தல்’ என்று முழுப்பெயரையும் கையேட்டில் ஒருமுறை கொடுங்கள். இது மண்டையோட்டின் மேல் முகம் அமைப்பதிலிருந்து அடிப்படையிலேயே வேறு. அங்கே ஆள் யாரென்று தெரியாது. இங்கே “இவராக இருக்கலாம்” என்று ஒருவரின் படம் கையில் இருக்கும். 1935ல் ஸ்காட்லாந்தின் மொஃபட் அருகே கிடைத்த உடல்பகுதிகளை தடயவியல் மருத்துவர் கிளைஸ்டரும் உடற்கூற்றியலாளர் பிராஷும் இப்படித்தான் பொருத்திப் பார்த்தார்கள். அதற்கு உதவிய ஸ்டுடியோ படத்தில் இறந்த பெண் அணிந்திருந்த தலையணி, படத்தை உண்மை அளவுக்குக் கொண்டுவர அளவுகோலானது. நம் பக்கத்தில் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையின் பேராசிரியர் பி. சந்திரசேகரன் இந்த முறையை மேம்படுத்தியவர்.

கெடுவது பெரும்பாலும் படத்தில்தான். வீட்டார் கொண்டுவருவது கண்ணீர் அஞ்சலி பேனருக்காக அகலத்தில் இழுத்த படம், அல்லது வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிய படம். நீள அகல விகிதம் மாறிய படத்தில் எந்த மண்டையோடும் சரியாகப் பொருந்தாது. சில நேரம் தவறான மண்டையோடு பொருந்தியும் தொலையும். கைநீட்டி எடுத்த செல்ஃபியில் மூக்கு பெருத்து, காதுகள் பின்னால் ஒதுங்கும். கல்யாண ஆல்பத்தின் அசல் பிரிண்ட், அதிலும் பல் தெரியச் சிரித்த படம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. முன்பல் வரிசை, ஒரு பல் திரும்பியிருப்பது, சந்து, உடைந்த விளிம்பு எல்லாவற்றையும் படத்திலும் எலும்பிலும் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். கீழ்த்தாடை கிடைக்காத மண்டையோட்டில் முடிவின் வலு வெகுவாகக் குறையும்.

பொருந்தவில்லை என்றால் “இவர் இல்லை” என்று ஓரளவு திடமாகச் சொல்லலாம். பொருந்தினால் “இவராக இருக்க வாய்ப்புண்டு” வரைதான். 1963ல் ராம் லோசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேற்பொருத்திய படத்தைச் சாட்சியமாக ஏற்றது. 2022 நவம்பரில் பொள்ளாச்சி வழக்கு ஒன்றில், டி.என்.ஏ. போன்ற வேறு நம்பகமான மருத்துவச் சான்று இல்லாமல் மேற்பொருத்தலை நம்பித் தண்டிப்பது மிகவும் ஆபத்து என்று அதே நீதிமன்றம் சொன்னது. ‘பொருத்தம்’ என்று சொல்லை முடித்தால் முடிவே வந்துவிட்டது போலத் தோன்றும். ‘பொருத்தல்’ என்பது செயல் மட்டும். அந்த ‘ல்’ அவசியம்.

குமுளியிலிருந்து:

> கூட்டு ஓவியம்

கேரளத்தில் எல்லோரும் ‘ரேகாசித்திரம்’ என்பார்கள். ஆந்திரத்தில் ‘ஊகாசித்திரம்’. நம் செய்தித்தாள்களில் ‘கம்ப்யூட்டர் வரைபடம்’, ‘மாதிரி வரைபடம்’ என்று மாறி மாறி வரும். தெலுங்குச் சொல்தான் இதில் நேர்மையானது. ஊகம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. சாட்சி வரைவு என்று வைத்தால் யாருடைய நினைவிலிருந்து வந்தது என்பதும் சேர்ந்துவிடும். சாட்சியை முதலில் தடையில்லாமல் பேசவிட்டு, பிறகுதான் மாதிரி மூக்குகளையும் கண்களையும் காட்ட வேண்டும். முதலிலேயே காட்டினால் நினைவு கலங்கும். “மூக்கு நீளமா?” என்று கேட்காமல் “மூக்கைச் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். இதைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

> முகத் திருத்தம்

இதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வைக்காதீர்கள். நீதிமன்றத் தமிழில் ‘திருத்தப்பட்ட படம்’ என்றால் மோசடி செய்த படம். முகச் செப்பம் எனலாம்.

முகம் கலையாத உடலுக்குத்தான் இது. பிணவறையில் செல்போனை முகத்துக்கு ஓரடியில் வைத்து எடுப்பதால்தான் பாதிப் படங்கள் பயன்படாமல் போகின்றன. ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் செய்து, முகத்துக்கு நேர்செங்குத்தாக, பக்கத்தில் அளவுகோலோடு எடுக்க வேண்டும். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, இரண்டு முக்கால்பக்கம், அதன்பின் உதட்டை விலக்கிப் பற்கள் தனியாக. வெற்றிலைக் கறை, தேய்ந்த கடைவாய், தங்கம் கட்டிய பல், மூக்குத்தித் துளை, காது வளர்த்த தழும்பு: குடும்பம் இவற்றைத்தான் சட்டென்று பிடித்துக்கொள்ளும். செப்பம் செய்யும்போது ரத்தம், நுரை, திறந்த வாய், மேகமூட்டமான விழி இவற்றை மட்டும் சரிசெய்யலாம். மச்சம், பழைய தழும்பு, பல்லில் கை வைக்கக் கூடாது. அசல் கோப்பு தொடாமல், அது மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்போடு தனியே இருக்க வேண்டும். என்னென்ன மாற்றினோம் என்பதை வரிசையாக எழுதி வைக்க வேண்டும்.

தண்ணீரில் ஊறி வீங்கிய முகத்துக்கு இதுவும் உதவாது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு நிலம்பூர்ப் பக்கம் கிடைத்தவர்களில் பலரை டி.என்.ஏ.தான் குடும்பத்தோடு சேர்த்தது. இன்டர்போல் பேரிடர் நெறிமுறையிலும் முதன்மை அடையாளங்கள் விரல்ரேகை, பல், டி.என்.ஏ. மூன்றும்தான். கண்ணால் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பி உடலை ஒப்படைத்தால், துக்கத்தில் இருக்கும் குடும்பம் வேறொருவர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிடும்.

பாலக்காட்டிலிருந்து:

திருத்தணித் தம்பியின் தயக்கம் நியாயமானது. ஆனால் ‘தோராயம்’ என்பது கணக்கில் எண்ணைச் சுருக்குவதற்குப் பழகிவிட்ட சொல். இப்படிப் பிரிக்கலாம்: அறிக்கையிலும் பாடத்திலும் முறையின் பெயர் முகக்கணிப்பு. சுவரொட்டியில் மக்கள் படிக்கும் வாசகம் உத்தேச முகம். “உத்தேசமா அப்படித்தான் இருக்கும்” என்று எல்லோரும் பேசுகிறார்கள். மலையாளத்திலும் ‘உத்தேசம்’ இருப்பதால் வாளையாருக்கு அந்தப் பக்கமும் தெரியும். படம் கறுப்பு வெள்ளையில், முடி மங்கலாக, மீசையுள்ளதும் இல்லாததுமாக இரண்டு இருக்கட்டும். உயரம், பல் விவரம், உடை, மெட்டி, எலும்பில் வைத்த தகடு போன்ற உறுதியான விவரங்களைப் படத்தைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

செங்கோட்டையிலிருந்து:

நன்றி. மேற்பொருத்தல், முகக்கணிப்பு (சுவரொட்டிக்கு உத்தேச முகம்), மென்திசு ஆழமுளை, சாட்சி வரைவு, முகச் செப்பம் என்று வரைவில் மாற்றிவிட்டேன். ஆறாவதாக ஒன்று. காணாமல்போன குழந்தையின் பழைய படத்தை இன்றைய வயதுக்குக் கொண்டுவரும் ஏஜ் புரோகிரஷனுக்கு ‘வயதேற்றம்’ என்றும் ‘மூப்பேற்றம்’ என்றும் இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. குழந்தை விஷயத்தில் மூப்பு பொருந்தாது: கீழ்முகம் நீள்வது, பால்பல் போய் நிரந்தரப் பல் வருவது, தாய் தந்தையர் அதே வயதில் எப்படி இருந்தார்கள் என்பதைப் பார்த்து வரைவது எல்லாம் வளர்ச்சிதான். மறுப்பு இல்லையென்றால் வயதேற்றம் என்றே ஞாயிற்றுக்கிழமை அச்சுக்கு அனுப்புகிறேன்.