கேமில் முகாம் போட்டுத் தூங்கியதில் நீங்கள் பட்ட பாடு?

நாகர்கோவில்காரன்:
பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேமை முடித்த பிறகு, பக்கத்து வீட்டுத் தம்பியிடம் பேசும்போதுதான் பாதிக் கதையை நான் பார்க்கவே இல்லை என்று தெரிந்தது. காரணம் கஞ்சத்தனம். காயம் ஆறவும் தீர்ந்த மந்திரம் திரும்பவும் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்க 40 முகாம் பொருள், அதாவது சாப்பாடு, வேண்டும்; டாக்டிஷியன் என்ற கடினமான நிலையில் 80. நானோ வழியில் கிடந்த ஆப்பிள், சீஸ், ரொட்டி எல்லாவற்றையும் பொறுக்கிச் சேர்த்தேனே தவிர, செலவழிக்க மனசு வரவில்லை. சின்ன ஓய்வு இரண்டு முறை இலவசம் அல்லவா, அதை வைத்தே இழுத்துப் பிடித்தேன். கூட்டாளிகள் மனம் திறந்து பேசுவதெல்லாம் முகாமில் ராத்திரிதானாம். கடைசிச் சண்டை முடிந்தபோது பெட்டி நிறைய சாப்பாடு மிச்சம். உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

குலசேகரம் ரப்பர்:
அண்ணே, எனக்கு நேர் எதிர். 1998-இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டை ரொம்பத் தாமதமாக, ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஆடினேன். முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரே ஒரு மந்திரம்தான். அதைப் போட்டுவிட்டால் மறுபடி எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். நஷ்கெல் சுரங்கத்தில் ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு தூங்கினேன். நடுவில் கோபோல்டுகள் என்ற குட்டி அரக்கர்கள் வந்து எழுப்பும். சேவ் பண்ணியதை லோட் பண்ணி மறுபடி தூங்குவேன். கேட்க ஆள் இல்லையே!

அந்தப் பழக்கம் என் தலையிலேயே விடிந்தது. போன மழைக்காலத்தில் வீட்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடினோம்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடும் ஆட்டம், கதையை நடத்துபவன் நான். கரண்ட் போய் மெழுகுவர்த்தி வெளிச்சம். முதல் சண்டை முடிந்ததும் மாமா மகன், "லே மக்கா, நாங்க உறங்கப் போறோம்" என்றான். நீண்ட ஓய்வின் பலன் 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான், கதையில் இப்போது காலை ஒன்பது மணி என்றேன். "அப்போ சாயங்காலம் வரை சும்மா இருக்கோம், அப்புறம் உறங்கறோம்" என்றான். விதிப்படி அவன் சொன்னது சரிதான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் பதில் கிடைத்துவிட்டது. சரி, தூங்குங்கள் என்றேன். எழுந்து போய்ப் பார்த்தால் குகை காலி. முதல் சண்டையில் தப்பி ஓடிய கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து, அவர்கள் மீட்க வந்த கைதிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. அம்மா கட்டன் சாயா கொண்டு வந்ததுகூட அவன் காதில் விழவில்லை.

கம்ப்யூட்டர் நம் முகத்தைப் பார்த்து இப்படி முடிவெடுக்காது. அதனால்தான் அது ரொட்டியை எண்ணுகிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை கிடையாது.

தக்கலை 629175:
நாளை எண்ணுகிற கேமும் உண்டு அண்ணாச்சி. பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர். முகாம் போட்டால் ஒருவன் வேட்டைக்கு, ஒருவன் சமையலுக்கு, ஒருவன் காவலுக்கு என்று பிரித்துவிட வேண்டும். கையில் சாப்பாடு இல்லை என்றால் வேட்டைக்கு நேரம் போகும். ஸ்டாக் லார்டு என்ற கொள்ளைக்கூட்டத் தலைவனை முடிக்க 90 நாள் கெடு. நான் சொகுசாக வேட்டையாடிச் சமைத்துத் தின்று, காயம் முழுசாக ஆறும் வரை படுத்துக் கிடந்தேன். கெடு முடிந்து ஆட்டமும் முடிந்தது. முப்பது மணி நேர ஆட்டம் போச்சு. என் வீட்டுக்காரிக்கு இன்றும் அது சிரிப்பு.

நாகர்கோவில்காரன்:
குலசேகரம் தம்பி, உங்கள் மேசையில் இடம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை வடசேரியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன்.

குலசேகரம் ரப்பர்:
தாராளமாக வாங்க அண்ணே. மரச்சீனியும் மீன்கறியும் உண்டு. டார்ச் மட்டும் மறக்காமல் கொண்டு வாங்க. மாமா மகன் இப்போது துறவி வேஷம் எடுத்திருக்கிறான், தூக்கமே வேண்டாமாம்.