மண்ணுக்குள் கிடைத்த பழைய சாமான்கள்: குமரி மாவட்டத்து அனுபவங்கள்

தக்கலைக்காரன்:

என்னிடம் ஒரு மெட்டல் டிடெக்டர் இருக்கிறது. புதையலுக்காக வாங்கியதில்லை, தொலைந்த நகையைத் தேடிக் கொடுக்க. விளையில் (தோப்பில்) தேங்காய் பொறுக்கும்போது கம்மல் விழுந்துவிட்டது, கடற்கரையில் பிள்ளை மோதிரத்தை விட்டுவிட்டது என்று கூப்பிடுவார்கள். நகை கிடைக்கிறதோ இல்லையோ, பழைய சாமான் ஒன்றிரண்டு எப்படியும் மேலே வரும். "இது என்ன அண்ணே?" என்ற கேள்வியிலேயே பாதி நேரம் போய்விடும்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் மட்டும் கூப்பிடாதீர்கள். அங்கே கருமணலில் இல்மனைட்டும் காந்தத்துக்கு இழுபடும் வேறு கனிமங்களும் கிடப்பதால் மெஷின் சும்மாவே கத்தும். அதன் கூர்மையைக் குறைத்தால் கத்தல் நிற்கும், ஆனால் கொஞ்சம் ஆழத்தில் இருப்பதும் தெரியாமல் போகும்.

குளச்சலில் அடிக்கடி வருவது ஈயக்குண்டு. கையில் எடுத்ததும் எல்லோரும் நேரே 1741 குளச்சல் போருக்குப் போய்விடுவார்கள்: திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா, அவரிடம் தோற்ற டச்சுக்காரன், பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய். முதலில் குண்டை உருட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் ஓட்டையோ, கயிறு போகிற வெட்டோ இருந்தால் அது வலையில் கட்டுகிற குண்டு. பாட்டா காலத்து வலையாக இருக்கலாம், போன வருஷத்து வலையாகவும் இருக்கலாம். துப்பாக்கிக் குண்டில் ஓட்டை இருக்காது. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். ஈயம் ஊற்றிய வாயை வெட்டிய தழும்பு ஒரு பக்கம் தட்டையாகத் தெரியும். ரொம்ப நாள் மண்ணில் கிடந்த ஈயத்தின் மேல் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு படலம் இருக்கும். அதைச் சுரண்டினால் கோடும் தழும்பும் சேர்ந்தே போய்விடும். போதாததற்கு அந்தப் பொடி விஷம். கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

சரி, துப்பாக்கிக் குண்டுதான் என்று ஆனாலும் எந்தச் சண்டை என்று குண்டு சொல்லாது. ஆரல்வாய்மொழிப் பக்கத்து விளை ஒன்றில் கிடைத்ததை ஒருவர் டச்சுக் குண்டு என்றே பத்திரப்படுத்தியிருந்தார். குளச்சல் போர் நடந்தது கடற்கரையில். ஆரல்வாய்மொழிக் கணவாயில் என்றால் 1809 பிப்ரவரியை அல்லவா முதலில் யோசிக்க வேண்டும்? திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் ஆட்கள் காத்துநின்ற அரணைக் கும்பினிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) அடித்துப் பிடித்தது அங்கேதான். (மலையடிவாரத்தில் பன்றி சுட்டவர்களையும் மறந்துவிடக்கூடாது.) அதனால்தான் எது கிடைத்தாலும் எடுப்பதற்கு முன்பு போனில் படம் எடுக்கிறேன். எவ்வளவு ஆழம், பக்கத்தில் ஓடு கிடந்ததா, செங்கல் கிடந்ததா என்று குறித்தும் வைக்கிறேன். அலமாரிக்குப் போன பிறகு அது வெறும் ஈயம்தான்.

டச்சுச் செம்புக்காசும் இப்படித்தான். பெரிய வி எழுத்தின் இரண்டு கையிலும் ஓ-வும் சி-யும் கோத்திருக்கும் (டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது), கீழே வருஷம், மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். என்னிடம் காட்டிய ஒன்றில் 1786 என்று தெளிவாக இருந்தது. டிலனாயே 1777-இல் செத்துப்போய், உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறையில் இருக்கிறார். அப்புறம் எப்படி அது போர்க்களத்துக் காசாகும்? மிளகு வியாபாரத்தோடு வந்து கைமாறிய காசாகத்தான் இருக்கும்.

இரும்பில் ஒன்றே ஒன்று. வளைந்த சின்னத் தகடு, ஓரத்தில் வரிசையாக ஆணி ஓட்டை. வேல்முனை, கோடாரி என்றெல்லாம் சொல்வார்கள். அது மாட்டு லாடம். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்குத்தான் ஒரே வளையமாக அடிப்பார்கள். பழைய வண்டிப்பாதை போன இடமெல்லாம் இது வரும்.

கோட்டாற்றுக்காரர்:

காசைப் பற்றி நானும் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீடு இடித்துக் கட்டும்போது அதிகம் வருவது திருவிதாங்கூர்ச் சக்கரம். 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு ரூபாய். பழைய வெள்ளிச் சக்கரம் மிளகை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். எண்ணி மாளாது என்று குழி போட்ட பலகையில் கொட்டிக் குலுக்கித்தான் கணக்குப் பார்ப்பார்கள். மண்ணோடு வந்தால் பருப்புத் தோல் என்று தள்ளிவிடத் தோன்றும், சல்லடையில் போட்டுப் பாருங்கள்.

அரை ரூபாயில் 1112 என்று பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் சோழர் காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது கொல்லம் ஆண்டு, திருவிதாங்கூரில் புழங்கிய மலையாள ஆண்டுக் கணக்கு. 825-ஐக் கூட்டினால் 1937 வரும்.

சோழர் காசும் வராமல் இல்லை, கோட்டாறே ஒரு காலத்தில் மும்முடிச்சோழநல்லூர்தானே. செம்பில் ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், கைக்குக் கீழே நாகரியில் ஸ்ரீ ராஜராஜ என்று இருக்கும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். என் மாமியார் அப்படிப் பளபளப்பாக்கிய காசு ஒன்று வீட்டில் இருக்கிறது, பொத்தான் மாதிரி.

அஞ்சுகிராமத்திலிருந்து:

பனைவிளையில் வளைந்த கத்தி ஒன்று வந்தது, ஊரே ராஜா வாள் என்றது. எங்கள் பெரியப்பா பனையேறியவர். பார்த்ததும் "பாளை அருவாள்ல இது" என்று, பனம்பாளை சீவுகிற அரிவாள்தான் என்று சொல்லி முடித்துவிட்டார்.

சொல்ல வந்தது வேறு. செம்பு, கலசம் என்று ஏதாவது கிடைத்தால் அரிசியை இழுக்கிறதா, இரிடியம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு காரில் ஆட்கள் வருவார்கள். சோதனைக்கு முன்பணம் கேட்பார்கள். கோயில் கலசத்தையும் சாதாரணச் செம்பையும் வைத்து ஏமாற்றுகிற கூட்டம் அது. அனுமார் படம் போட்ட 1818 கும்பினிக் காசும் அதே ரகம். கும்பினி அப்படி அடிக்கவே இல்லை. அப்புறம் ஒரு சந்தேகம் அண்ணே, கடலோரத்தில் இருக்கிற பழைய வட்டக்கோட்டையில் மெஷின் வைத்துப் பார்க்கலாமா?

தக்கலைக்காரன்:

கூடாது தம்பி. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அனுமதியில்லாமல் ஒரு கைப்பிடி மண் தோண்டினாலும் குற்றம். உன் சொந்த விளையில் கிடைத்தாலும் 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் யாரும் இல்லை என்று அவர் முடிவு செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காரே எடுத்துக்கொள்ள நினைத்தால் விலை கொடுக்கும். மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை ஜெயிலும் கிடைக்கலாம். மனுவில் சர்வே நம்பர், கிடைத்த தேதி, என்ன பொருள் என்று எழுதி, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்.