நுனியைப் பார்த்து ஜப்பானிய வாளின் காலத்தைக் கணித்த அனுபவங்கள்

டோக்கியோவில் உயேனோ பக்கம் போனால் தேசிய அருங்காட்சியகத்தின் பிரதானக் கட்டடத்தில் 13ஆம் அறையை விட்டுவிடாதீர்கள், வாள்கள் அங்கேதான். நான் போன நேரம் மிகாசுகி முனேச்சிகா என்கிற புகழ்பெற்ற வாளை வைத்திருந்தார்கள், அதிர்ஷ்டம்தான், எப்போதும் வெளியே இருக்காது. ஹெயான் காலத்து வாள், அதாவது 10–12ஆம் நூற்றாண்டு, 80 செ.மீ. நீளம். கூர்ப்பக்கம் ஓடும் பிறைக் கீற்றுகளைப் பார்க்க எல்லாரும் கண்ணாடி முன்னால் குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்க, நான் நுனியிலேயே நின்றுவிட்டேன். பிடிப்பக்கம் அகலமாகத் தொடங்கி, வளைவையெல்லாம் அடியிலேயே முடித்துக்கொண்டு, போகப் போக ஒடுங்கி, கடைசியில் இவ்வளவு பெரிய வாளுக்கு இதுதானா என்று கேட்கும்படி ஒரு குட்டி நுனி. யோகோதே என்கிற குறுக்குக் கோட்டுக்கு மேலே மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

அப்புறம் 13ஆம் நூற்றாண்டின், அதாவது காமாகுரா காலத்து நடுப்பகுதி வாள் ஒன்றைப் பார்த்தபோது வித்தியாசம் சட்டென்று பிடிபட்டது. மேலே போயும் அகலம் அவ்வளவாகக் குறையவில்லை, நுனி குட்டை, தடி. இகுபி என்பார்கள், காட்டுப்பன்றிக் கழுத்து. 14ஆம் நூற்றாண்டின் நான்போகுச்சோ காலத்துக்கு வந்தால் நுனியே நீண்டு தனி அலகு மாதிரி ஆகிவிடுகிறது. அந்தக் காலத்து ராட்சத வாள்களைப் பிற்காலத்தில் குறைத்தார்கள், ஆனால் வெட்டியது அடியிலிருந்து. பிடிக்குள் போகும் வால் பகுதியில் கொல்லன் பொறித்த பெயர் அதோடு போய்விடும், நுனிக்கு ஒன்றும் ஆகாது. பெயர் இல்லாத வாளுக்குக் காலம் சொல்கிறவர்கள் நுனியை ஏன் அப்படி உற்றுப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

*

மேலே எழுதியது சரி, ஆனால் குட்டி நுனி என்றதும் பழையது என்று பாய்ந்துவிடாதீர்கள். ஒரு கடையில் காமாகுரா என்று சொல்லி ஒரு வாளைக் காட்டினார்கள், நுனியும் சின்னதாக அழகாகத்தான் இருந்தது. நுனியைத் தனியாக வெண்மையாக மெருகேற்றியிருப்பார்கள், நேராகப் பார்த்தால் உள்ளே எதுவும் தெரியாது, விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால், கூர்ப்பக்கத்தோடு ஏறி வந்த கடினக்கோடு, அதாவது போஷி, முதுகுப் பக்கம் வளைந்து திரும்பாமல் விளிம்பிலேயே ஓடி மறைந்துவிட்டது. உடைந்த நுனியைத் தேய்த்துப் புதிதாக வடித்திருந்தால் இப்படித்தான் ஆகும். நாரா பக்கத்துக் கொல்லர்களின் யமாத்தோ மரபில் வேண்டுமென்றே திரும்பாத போஷி உண்டு, அதனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை, அலகின் மற்ற இடங்களில் யமாத்தோவுக்கு உரிய எதுவும் கண்ணில் படாததால் வாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெரிய நுனியிலும் இதே வம்பு உண்டு, 19ஆம் நூற்றாண்டுக் கொல்லர்கள் நான்போகுச்சோ வடிவத்தைப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார்கள்.

*

வளைவே வராத காலத்து நேர்வாள்களை யாராவது கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? நாராவின் பழைய அரசக் கருவூலமான ஷோசோயின் பொருள்களை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள், இந்த முறை வாள் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அரச குடும்பத்துக் கொகராசு மாரு என்கிற வாளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன், அலகில் பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் கூர், ஆனால் வளைவும் இருக்கிறது. அந்த நுனியை நேரில் பார்த்தவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.