அப்பாவின் பண்ணையம்

குழு: வாய்க்கால்மேடு குடும்பம்

சனிக்கிழமை

அம்மா: எல்லோரும் எழுந்தவுடன் பாருங்கள். நேற்று இரவு நம் முறைத் தண்ணீர் வந்தது. எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் உங்கள் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை மாற்றப் போய்விட்டார். நாற்றங்கால் ஓரத்தில் கால் எழாமல் அப்படியே சாய்ந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் வலி. இப்போது தூங்குகிறார்.

அக்கா: தலையில் அடிபட்டதா அம்மா? இரவு மாத்திரை கொடுத்தீர்களா?

அம்மா: தலையில் அடி இல்லை. எட்டு மணி மாத்திரையைத்தான் போடாமல் போயிருக்கிறார். வந்து போட்டுக்கொள்கிறேன் என்றார்.

அக்கா: அதுதான் கால் நின்றுவிட்டது. பார்க்கின்சன் மாத்திரையை நேரம் தவறவிட்டால் மனம் நடக்கச் சொல்லும், கால் தரையை விட்டு எழாது. அதுவும் இருட்டில், ஒற்றையடி வரப்பில். ஈரோட்டிலிருந்து கிளம்புகிறேன், பத்து மணிக்குள் வந்துவிடுவேன். அதுவரை தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள்.

சித்தப்பா: நான்தான் தூக்கி வந்தேன். கூப்பிட்டிருக்கிறார், ஆனால் குரல் பக்கத்து வரப்புக்குக்கூட எட்டவில்லை. அவருடைய டார்ச் லைட் மட்டும் வெகுநேரமாக ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் ஓடினேன். இந்தத் தோட்டத்தில் அவர் அதட்டினால் வாய்க்கால் கரை வரைக்கும் கேட்கும். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை.

தம்பி: ஓசூரிலிருந்து மதியம் கிளம்புகிறேன். ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டேன்.

மாமா: மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாமல் சென்னிமலை முருகன் காப்பாற்றினார். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். மூன்று ஏக்கரையும் விற்றுவிடுங்கள். மனை பிரிப்பவர்கள் அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பணத்தை வங்கியில் போட்டால் வட்டியில் வைத்தியம் நடக்கும். இனி யாருக்காக இந்தப் பண்ணையம்? பையன் வேலையில் இருக்கிறான், பெண்கள் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறார்கள்.

தம்பி: மாமா, நான் வந்து பண்ணையம் பார்க்கிறேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அதற்காக விற்றுவிடலாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அத்தை: அண்ணனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? எங்கள் ஊரில் ஒருவர் இதே நடுக்கத்துக்குப் பூனைக்காலி விதைப் பொடியைப் பாலில் கலந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறார். வாங்கி அனுப்பவா?

அக்கா: வேண்டாம் அத்தை. பூனைக்காலியில் மருந்து இருப்பது உண்மைதான். அப்பாவுக்குக் கொடுக்கும் மாத்திரையில் உள்ள லெவோடோபாவேதான் அந்த விதையிலும் இருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அளவு மிஞ்சிவிடும். கை கால் தானாக ஆடும், எழுந்து நின்றால் தலை சுற்றும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. பாலோடும் வேண்டாம். பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் அந்த மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் தண்ணீரில் போடுவதுதான் நல்லது.

அத்தை: சரி கண்ணு. தெரியாமல் சொன்னேன். மாடுகளை யார் பார்க்கிறார்கள்?

அம்மா: நான்தான். தை மாதத்திலிருந்தே அவரால் பால் கறக்க முடியவில்லை.

மாமா: மாடுகளை வியாழக்கிழமை கருங்கல்பாளையம் சந்தைக்கு ஓட்டிவிடலாம். வண்டி நான் பேசுகிறேன்.

நான்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். அப்பாவும் இந்தக் குழுவில் இருக்கிறார். நிலம், மாடு, வட்டி என்று அவர் கண் முன்னாலேயே அவரை விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். அவருக்குக் கைதான் நடுங்குகிறது, யோசனை தெளிவாகத்தான் இருக்கிறது. பண்ணையத்தை விடுவது என்றால் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரட்டும். அதுவரைக்கும் யாரும் விலை பேச வேண்டாம், வண்டியும் பேச வேண்டாம்.

சித்தப்பா: சரியாகச் சொன்னாய் அம்மிணி.

மாமா: நல்லதுக்குத்தான் சொன்னேன்.

நான்: தெரியும் மாமா. அப்பா முதன்முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கூடவே இருந்தவர் நீங்கள். அதை யாரும் மறக்கவில்லை.

அக்கா: வந்துவிட்டேன். அப்பாவைப் பார்த்தேன். இடுப்பில் எலும்புக்கு ஒன்றும் இல்லை, சதை வலிதான். மருத்துவரிடமும் போனில் பேசிவிட்டேன். பகலில், மேட்டு நிலத்தில், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நடக்கலாம். நடப்பது இந்த நோய்க்கு மிகவும் நல்லது, நிறுத்தவே கூடாது என்கிறார். ஆனால் ஈர வரப்பு, கிணற்று மேடு, மோட்டார் அறை, இரவுத் தண்ணீர் எல்லாவற்றையும் இன்றோடு விட வேண்டும். சித்தப்பா, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். களைக்கொல்லி அடிக்கும்போது வெறுங்கையோடு, வாயில் துண்டுகூடக் கட்டாமல் அடிக்கிறீர்கள். பாராகுவாட் போன்ற மருந்துகளுக்கும் பார்க்கின்சன் நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அப்பாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்த பிறகும் நீங்கள் அப்படி அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

சித்தப்பா: கேட்டுக்கொள்கிறேன் கண்ணு.

ஞாயிற்றுக்கிழமை

அக்கா மகள்: எல்லோருக்கும் வணக்கம். அப்புச்சி பேசப் போகிறார். அவர் ஓர் எழுத்தைத் தொட்டால் நான்கு எழுத்து விழுகிறது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா: எல்லாவற்றையும் படித்தேன். கண்ணுக்கு ஒன்றும் குறையில்லை.

அப்பா: பண்ணையத்தை விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு சேற்றில் கிடந்தபோதே முடிவு செய்துவிட்டேன். யாரும் சொல்லிச் செய்கிற முடிவு அல்ல.

அப்பா: நோய் வந்து நடுங்குவது பெரிதாகத் தெரியவில்லை. மாடு என்னைத் தள்ளியதுதான் தாங்க முடியவில்லை. கன்றை ஊட்டவிட்டுக் கட்டிவிட்டு, மடியைத் தடவி உட்கார்ந்தால் கை ஒரு தாளத்தில் நிற்காது. பீச்சுவதும் விடுவதுமாக விரல்கள் தாமாக இழுக்கும். மாடு பாலை மேலே ஏற்றிக்கொள்ளும், காலைத் தூக்கும். அது பிறந்ததிலிருந்து நான் வளர்த்த மாடு. அதன் தாயையும் நான்தான் வளர்த்தேன். அது என்னை மறந்துவிடவில்லை. என் கையைத்தான் அதற்கு அடையாளம் தெரியவில்லை.

அப்பா: கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பெயரின் முதல் எழுத்து சரியாக இருக்கிறது, போகப் போகச் சிறுத்துக் கடைசி எழுத்து எறும்பு அளவு ஆகிவிடுகிறது. இதை உங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி: அப்பா, சொல்லியிருக்கலாமே.

அப்பா: சொன்னால் நிலத்தை விடச் சொல்வீர்கள். நானே விட வேண்டும் என்று காத்திருந்தேன்.

அப்பா: விற்க மாட்டேன் மச்சான். நீங்கள் சொன்ன கணக்கு தவறில்லை. பூர்வீக நிலம், 2005 சட்டத்துக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கும் பையனுக்குச் சமமாகப் பங்கு இருக்கிறது. மூவரும் பின்னால் என்ன செய்வார்களோ அது அவர்கள் பாடு. என் காலத்தில் அந்த மண்ணில் கல் நட வேண்டாம். வீட்டைச் சுற்றி அரை ஏக்கர் தென்னை எங்களுக்கு இருக்கட்டும். மீதி இரண்டரை ஏக்கரையும் குத்தகைக்கு விடுகிறேன்.

சித்தப்பா: அண்ணா, நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாரிடமும் போக வேண்டாம்.

அப்பா: தம்பி, உனக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. ஆள் கிடைக்காமல் போன வருடம் மஞ்சளைத் தோண்ட மாசி வரைக்கும் காத்திருந்தாய். முழங்கால் வலியோடு என் காட்டையும் உன் தலையில் ஏற்ற மாட்டேன். நம் தோட்டத்தில் நடவுக்கும் களைக்கும் ஆள் கூட்டிவரும் அந்தப் பெண்ணுக்கும் அவள் மகனுக்கும் கொடுக்கப் போகிறேன்.

மாமா: மாப்பிள்ளை! நன்றாக யோசித்தீர்களா? சொந்த உடலுழைப்பில் பயிர் செய்கிற குத்தகைதாரரை 1955ஆம் வருடச் சட்டப்படி லேசில் வெளியேற்ற முடியாது. குத்தகை பாக்கி, நிலத்தைப் பாழாக்குவது என்று காரணம் காட்டி வருவாய் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். கொடுத்த நிலம் கைக்கு வராது. ஊரும் ஒரு மாதிரி பேசும்.

அப்பா: சட்டம் எனக்கும் தெரியும் மச்சான். உடம்பால் உழைக்கிறவர்களை நினைத்தபோது துரத்தக் கூடாது என்றுதானே அந்தச் சட்டத்தைப் போட்டார்கள். அவளை எதற்கு நான் துரத்த வேண்டும்? எங்கே தண்ணீர் தங்கும், எந்தப் பாத்தியில் நாற்று கருகும் என்று என் பிள்ளைகளைவிட அவளுக்குத் தெரியும். இது அவர்கள் மேல் குறை இல்லை. அவர்களைப் படிக்க அனுப்பியது நான்தான். ஊர் பேசுவதைப் பேசட்டும். ஊர் வந்து என் மடையைத் திருப்பவில்லை.

நான்: அப்பா, எனக்குச் சம்மதம். வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிப் பதிவு செய்துவிடுவோம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் எப்படியும் பதிவு செய்ய வேண்டும். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் பயிர் செய்பவராக அவர் பெயர் ஏறினால் பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் அவரே போய்க் கேட்கலாம். இல்லாவிட்டால் பயிர் அழிந்தால் நட்டம் அவருக்கு, நிவாரணம் நமக்கு என்று ஆகிவிடும்.

அக்கா: எனக்கும் சம்மதம்.

தம்பி: எனக்கும்.

சித்தப்பா: வேறு ஒருவர் என் வரப்புக்கு அந்தப் பக்கம் உழுவதைப் பார்க்க மனது சங்கடப்படுகிறது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் அண்ணன் சொல்வது உண்மை. என் காட்டுக்கே அந்தப் பெண் இல்லாவிட்டால் நடவு நடக்காது.

மாமா: பிள்ளைகள் மூவரும் ஒத்துக்கொண்ட பிறகு எனக்கு என்ன. பத்திரம் எழுதுபவர் எனக்குத் தெரிந்தவர், வாசகத்தை நான் ஒரு முறை படித்துப் பார்க்கிறேன். அதை மட்டும் மறுக்காதீர்கள்.

அப்பா: நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் மச்சான். நெல்லில் நான்கில் ஒரு பங்கு எங்களுக்குப் போதும் என்று எழுதச் சொல்லுங்கள்.

நான்: உடம்பு முடியாதவர்களுக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது அப்பா. விண்ணப்பிக்கட்டுமா?

அப்பா: வேண்டாம். நானே வருகிறேன். கையெழுத்து சிறுத்தாலும் பெருவிரல் ரேகை மாறவில்லை அல்லவா.

அத்தை: அண்ணா, மாடும் கன்றும் சந்தைக்குப் போக வேண்டாம். என்னிடம் அனுப்புங்கள். எங்கள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் இந்த வருடம் கொழுக்கட்டைப் புல் நன்றாக வந்திருக்கிறது. கிளுவை வேலியும் போன மாதம்தான் அடைத்தோம். கட்டுத்தறியில் நிற்க வேண்டியதில்லை, பகலெல்லாம் அவிழ்த்துவிட்டு மேய்க்கலாம்.

அப்பா: உன்னிடம் கேட்கலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன் தங்கச்சி. கன்று இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, சாம்பல் நிறம் திரும்ப இன்னும் இரண்டு மாதம் ஆகும். அது வரைக்கும் தாயின் பாலைக் கறக்காதே, கன்றே குடிக்கட்டும். காளைக் கன்று, நன்றாக வரும்.

அத்தை: ஒரு சொட்டும் எடுக்க மாட்டேன் அண்ணா.

அம்மா: மாடு போவதற்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். நான் இதற்கு மேல் எழுதவில்லை.

திங்கட்கிழமை

தம்பி: நடவுக்கு ஆள் கூட்டிவரும் அந்த அக்காவின் வீட்டுக்குக் காலையில் நானும் சித்தப்பாவும் போய் வந்தோம். அப்பா சொன்னதைச் சொன்னவுடன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு "அய்யா நாற்று விட்டாகிவிட்டதே, விதைச் செலவை நான் கொடுத்துவிடுகிறேன்" என்றார்.

அப்பா: வாங்காதே. விதை என்னுடையது.

தம்பி: அதையே சொல்லிவிட்டேன் அப்பா. அவர் மகன் நாளை வருகிறார். மோட்டார் ஸ்டார்ட்டரையும் மடைகளையும் அவருக்குக் காட்ட வேண்டும்.

அப்பா: நான் காட்டுகிறேன். பகல் பதினொரு மணிக்கு வரச் சொல். அந்த நேரத்தில்தான் கால் நன்றாக நடக்கும். நான் மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், இறங்க மாட்டேன்.

அக்கா: பத்தேகால் மாத்திரையைப் போட்ட பிறகு. அம்மா, கவனம்.

அப்பா: அவனிடம் சொல்ல வேண்டியதை இங்கேயும் எழுதி வைக்கச் சொல்கிறேன், பின்னால் உங்களுக்கும் தேவைப்படும். பவானிசாகரில் ஆகஸ்ட் 15இல் திறந்த தண்ணீர் 120 நாள் கணக்கு. கடைசிப் பத்து நாளை நம்பிப் பயிர் வைக்கக் கூடாது, கதிர் அதற்கு முன்னால் பால் பிடித்திருக்க வேண்டும். இந்த வருடம் நம் மதகுக்கு நன்செய் முறை, அடுத்த வருடம் புன்செய்தான். அப்போது கடலையும் எள்ளும் போடட்டும், நெல்லுக்கு ஆசைப்பட வேண்டாம். கிணறு வாய்க்கால் கசிவில்தான் ஊறுகிறது. வாய்க்காலில் தண்ணீர் நின்று ஒரு மாதம் ஆனால் மட்டம் இறங்கிவிடும், அப்போது மோட்டாரை விட்டு விட்டு ஓட்ட வேண்டும்.

சித்தப்பா: மேற்குப் பாத்தியைச் சொல்லுங்கள் அண்ணா.

அப்பா: அதற்குத்தான் வருகிறேன். மேற்குப் பாத்தியில் உப்பு பூக்கும். நடவுக்கு முன்னால் தண்ணீரை நிறையக் கட்டி, ஓர் இரவு நிறுத்தி, முழுவதும் வடித்துவிட வேண்டும். இரண்டு முறை அப்படிச் செய்தால்தான் நாற்று பிடிக்கும். வடிக்கிற தண்ணீர் உன் காட்டுக்குள் வராமல் ஓடைப் பக்கம் திருப்பச் சொல். நாற்று மூப்பதற்குள் நடவு முடிந்துவிட வேண்டும். இதில் மட்டும் தாமதம் வேண்டாம்.

சித்தப்பா: சரி அண்ணா. அடுத்த முறைத் தண்ணீர் வெள்ளிக்கிழமை இரவு வருகிறது. அந்தப் பையனோடு நானும் மடையில் நிற்கிறேன்.