கிளானை விட்டுப் போனவர்கள், போக வைத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கல்கோட்டை:

நான் கிளானிலிருந்து கிக் செய்த, அதாவது வெளியேற்றிய, ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்கிற மொபைல் கேம். அதில் ஆடுகிறவர்கள் சேரும் குழுதான் கிளான். நான் கோ-லீடர். 2019, 15-க்கு 15 வார், அதாவது இரண்டு கிளான்கள் மோதும் போட்டி. ஆளுக்கு இரண்டு அட்டாக், ஒரு அட்டாக்குக்கு அதிகபட்சம் மூன்று ஸ்டார். எங்களுக்கு 38 ஸ்டார், எதிர்ப்பக்கம் 39. ஒருவருடைய இரண்டு அட்டாக்கும் தொடாமல் கிடக்கின்றன. 24 மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவர் உள்ளே வரவில்லை. முந்தைய வாரிலும் இப்படித்தான். கடைசிப் பத்து நிமிஷம் சாட்டில் அவர் பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டோம். விடிகாலை 5:40-க்கு வார் முடிந்தது. ஒரு ஸ்டாரில் தோற்றோம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. 5:45-க்குக் கிக் பட்டனை அழுத்திவிட்டேன்.

கிக் செய்யும்போது காரணம் எழுத ஒரு சின்னப் பெட்டி வருமே, அதில் "ரெண்டு வார் மிஸ். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று எழுதி அனுப்பினேன். அந்த வரிதான் இன்னும் குத்துகிறது.

ஏனென்றால் நான் டவுன்ஹால் லெவல் 7-ஆக, சின்ன ஆளாக அந்தக் கிளானுக்குள் வந்தபோது, மற்றவர்கள் கொடுக்கும் படையை வைக்கும் என் கேஸிலில் ஒரே ஒரு டிராகன்தான் கொள்ளும். கேட்ட நிமிஷத்தில் அந்த டிராகனைப் போடுவது அவர்தான். இப்போது மாதிரி இல்லை. 2025 மார்ச்சில்தான் படைப் பயிற்சிக்குக் காத்திருப்பதையே எடுத்தார்கள். அன்றைக்கு ஒரு டிராகன் கொடுத்தால் அவர் மறுபடி அதைத் தயார் செய்யக் காத்திருக்க வேண்டும். முகம் தெரியாத எனக்காக மூன்று வருஷம் காத்திருந்தார். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு பையன் சொன்னான், அந்த வாரம் அண்ணாவுடைய அப்பா ஐசியூவில் இருந்தாராம். போனைத் தொட்டபோது முதலில் வந்தது என் வரியாக இருந்திருக்கும். அவருடைய பிளேயர் டேக்கை, கேமில் ஆளைத் தேடும் அடையாளக் குறியை, இப்போதும் வைத்திருக்கிறேன். அவ்வப்போது போட்டுப் பார்ப்பேன். கிளான் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும்.

இரவுப்பணி:

உங்கள் அண்ணாவுக்காவது ஒரு காரணம் சொன்னீர்கள். எனக்கு அதுவும் இல்லை.

2018 அக்டோபரில் கிளான் வார் லீக் வந்தது எல்லாருக்கும் தெரியும். ஏழு நாள், நாளுக்கு ஒரு அட்டாக், 15 பேர். கிளானில் 40 பேர் இருந்தால் 25 பேர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். மூன்று மாதம் வேடிக்கை பார்த்தேன், முணுமுணுக்கவில்லை. நாலாவது மாதம் இடம் கிடைத்தது. நான் ராத்திரி ஷிஃப்ட். ஆபீஸ் கேப் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அட்டாக்கை முடிப்பேன். ஏழு அட்டாக்கில் 20 ஸ்டார். ஒன்றே ஒன்று குறைவு.

எட்டு ஸ்டார் எடுத்தாலே பரிசு மெடல் முழுசாக வந்துவிடும், சரி. அதற்கு மேல் போனஸ் மெடல் லீடர் கையில். லிஸ்ட் வந்ததும் பார்த்தேன். லீடர், அவருடைய தம்பி, அப்புறம் லீடரே ஆடுகிற இரண்டு மினி அக்கவுண்ட், அதாவது துணைக் கணக்குகள். அந்த மினிகளில் ஒன்று எடுத்தது 9 ஸ்டார். கேப் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த லிஸ்டை மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தேன், என் பேர் எங்காவது இருக்குமோ என்று. மெடல் பெரிய விஷயமே இல்லை, அதை வைத்து அப்கிரேடை உடனே முடிக்கிற ஒரு சுத்தியல்கூட வாங்க முடியாது. நான் ஆடியதை ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்பதுதான்.

சாட்டில் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரம் லீடர் கேட்டார், "ஏன் ப்ரோ போய்ட்டீங்க?" பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன்.

மூன்று_ஸ்டார்:

கல்கோட்டை செய்தது தப்பே இல்லை. 50 இடம்தான் இருக்கிறது. வராதவரை வைத்துக்கொண்டு வாருக்குப் போனால், தூங்காமல் ஆடுகிற மற்ற 14 பேருக்குத்தான் அநியாயம். நானும் மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து அட்டாக் போட்டவன். காலையில் பார்த்தால் பாதிப் பேர் ஆடவே இல்லை. அன்றைக்கே அந்தக் கிளானை விட்டேன். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் கிளான் நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் சில விஷயம் சொல்லியாக வேண்டும். முதலில், வாருக்கு வருகிறேனா இல்லையா என்று காட்டும் அந்தப் பச்சை-சிவப்பு பட்டனைப் புழக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். வாருக்கு வர முடியாதவர் சிவப்பில் வைத்துவிட்டால் யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை. சிவப்பில் வைப்பதைக் குற்றம் மாதிரி பேசுகிற லீடர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் ஆள் பொய்யாகப் பச்சை வைத்துவிட்டுக் காணாமல் போவது.

இரண்டாவது, மற்றவர்களுக்குக் கொடுத்த படையின் டொனேஷன் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எல்டர் பதவி கொடுக்காதீர்கள். சும்மா மலிவான ஆர்ச்சர் படையை அள்ளிக் கொடுத்து எண்ணிக்கை ஏற்றுகிறவனும், கேட்ட படையைச் சரியாகக் கொடுக்கிறவனும் ஒன்றில்லை.

மூன்றாவது, எல்லாவற்றையும் கட்டாயமாக்காதீர்கள். 2014-ல் வார் மட்டும்தான் இருந்தது. 2017 டிசம்பரில் கிளான் கேம்ஸ் வந்தது, ஆளுக்கு 4000 பாயிண்ட் கட்டாயம் என்றார்கள். அப்புறம் லீக். 2022-ல் கிளான் கேபிடல் வந்து வெள்ளி முதல் திங்கள் வரை ரெய்டு. ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ரூல் போட்டு, தவறினால் கிக் என்றால் மாதத்தில் ஒரு நாளாவது ஆளுக்கு மூச்சு விட இடம் இருக்கிறதா? வேலைக்குப் போகிறவன் முதலில் களைத்துப் போகிறான். பரீட்சை வந்தால் படிக்கிற பையன் போகிறான். மிச்சம் இருப்பது லீடரும் அவருடைய மினிகளும்தான்.

நாலாவது, பக்கத்தில் இன்னொரு சின்னக் கிளான் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு வேண்டுமென்றால் அங்கே போய் இருக்கட்டும், திரும்பி வரும்போது இடம் கொடுங்கள். கடைசியாக, கிக் செய்வதற்கு முன் இரண்டு நாள் பொறுத்து "என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரணம் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. சொல்லாமல் போகிறவர்களால்தான் எல்லாப் பிரச்சினையும்.

மஞ்சள்குருவி:

மூன்று_ஸ்டார், காரணம் சொன்னால் போதும் என்கிறீர்கள். நான் சொன்னேன்.

கிளானில் நான் ஆண் பேர் மாதிரி ஒரு பேரில் இரண்டு வருஷம் ஆடினேன். ஹாக் ரைடர் அட்டாக் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். வாருக்கு வசதியாக இருக்கும் என்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். அங்கே நம்பர் தெரிந்துவிட்டது, போட்டோவும் தெரிந்துவிட்டது. அன்றைக்கே எல்லாரும் "அக்கா" என்று மாறினார்கள், அது பரவாயில்லை. ஒருவன் மட்டும் தனியாக மெசேஜ் போட ஆரம்பித்தான். "சாப்டாச்சா", "தூங்கலையா", அப்புறம் ராத்திரி ஒன்றரை மணிக்கு "ஆன்லைன்ல இருக்கீங்க, ரிப்ளை பண்ண மாட்டீங்களா". பிளாக் செய்தேன். வேறு நம்பரில் வந்தான்.

லீடரிடம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு கொடுத்தேன். "சின்னப் பையன்க்கா, நம்ம நம்பர் ஒன் அட்டாக்கர் வேற, விடுங்க" என்றார். அந்த "வேற"தான் எனக்கு மறக்கவில்லை. அவன் எடுக்கிற ஆறு ஸ்டாரைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

குரூப்பை விட்டேன், கிளானையும் விட்டேன். உள்ளே இருந்த ஒரு தோழி மறுநாள் சாட்டை அனுப்பினாள். நான் வெளியேறிய வரி, அதற்குக் கீழே ஒருவர் "அக்காவுக்குக் கல்யாணம் ஆயிருக்கும் போல", அதற்குக் கீழே, அடுத்த வாருக்கு எதிரி தேட, "வார் சர்ச் போட்டாச்சு". அவ்வளவுதான். சொல்லாமல் போனவர்கள் பட்டியலில் அங்கே என் பேரும் இருக்கும்.

போச்சின்கி:

எங்கள் கதை வேறு மாதிரி. எங்களில் யாருமே விட்டுப் போகவில்லை.

பப்ஜி மொபைல், துப்பாக்கிச் சண்டை கேம். 2020 செப்டம்பர் 2-ம் தேதி இந்தியாவில் தடை. 118 ஆப்பில் ஒன்றாகப் போனது. ஏற்கெனவே போனில் இருந்தவர்கள் அக்டோபர் 30 வரை ஆட முடிந்தது. அதற்கு முந்தின ராத்திரி நாங்கள் நாலு பேர் எராங்கல் மேப்பில் இறங்கினோம். லாக்டவுன் முழுக்க ராத்திரி பத்து மணி ஆனால் சேருகிற அதே நாலு பேர். அன்றைக்கு ஒருவரும் ஓடவில்லை. ஒரு வீட்டு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டோம். பாதுகாப்பான ஜோன் சுருங்கிக்கொண்டே வருகிறது, யாரும் நகரவில்லை. ஒருவன் மைக்கில் அவன் வீட்டுக் குக்கர் விசில் கேட்டது. "டேய், இந்நேரத்துக்கு யாருக்குடா சமையல்?" என்று கேட்டேன். "அப்பா இப்பதான் வேலையிலிருந்து வந்தாரு" என்றான். ஒரு வருஷமாக அவனோடு ஆடியிருக்கிறேன், அவன் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று அதுவரை கேட்டதே இல்லை.

2021 ஜூலையில் அதே கேம் இந்தியாவுக்காகப் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. பழைய கணக்கை, சட்டை துப்பாக்கி ஸ்கின் எல்லாவற்றோடும் மாற்றிக்கொள்ள வழி இருந்தது. முப்பது பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர் வந்தோம். குக்கர் வீட்டுக்காரன் வரவில்லை. நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவே இல்லை, தினமும் பத்து மணிக்கு வருகிறவன்தானே என்று.

ஸ்காபறோ_மந்திரவாதி:

போச்சின்கி சொல்வது துயரம்தான், ஆனால் தடை வந்து போவதும் மனம் விட்டுப் போவதும் ஒன்றல்ல. இங்கே கேட்டது இரண்டாவது. எனக்கு அதில் ஒரு கதை இருக்கு.

நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கிளாசிக், பழைய கணினி விளையாட்டைத் திரும்ப வெளியிட்டது. 2019-இல் தொடங்கியது முதல் 40 பேர் சேர்ந்து பெரிய பொஸ்களை வீழ்த்த ரெய்டுக்குப் போவோம், கிழமைக்கு இரண்டு இரவு. எங்கட கில்டில், உங்கட கிளான் மாதிரித்தான், தமிழ்ப் பெடியள் நாலைந்து பேர். அதில் ஒருவன் என்னோடு பள்ளியில் படித்தவன், அவன் சொல்லித்தான் நானே வந்தனான்.

2021 ஜூனில் பேர்னிங் குருசேட் என்ற அடுத்த பாகம் வந்தது. அதில் பெரிய ரெய்டு 25 பேருக்கு. முதலில் போகிற கரஸானோ 10 பேருக்கு. கணக்கைப் பாருங்கோ: 10 பேர் குழு இரண்டு வைத்தால் 25-க்கு ஐந்து பேர் காணாது. மூன்று வைத்தால் ஐந்து பேர் மிச்சம். 40 பேருக்கென்று கட்டின வீட்டில் 15 பேருக்கு இடமே இல்லை. பழைய விளையாட்டில் இது 2007-இல் முதல்முறை வந்தபோதும் இதே கணக்குத்தான் நிறையக் கில்டுகளை உடைத்தது. யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, எண்ணிக்கையே போதும்.

நான் ஏ குழு. நண்பன் சி குழு. சி குழுவுக்குக் காயம் ஆற்றும் ஹீலர் கிடைக்காமல் கிழமைக்குக் கிழமை தள்ளிப் போனது. ஒரு வியாழன் நாங்கள் பத்துப் பேரும் கடைசி பொஸ்ஸை முதல்முறை வீழ்த்தினோம். டிஸ்கோர்டில் ஒரே கூச்சல். அப்போதுதான் பார்த்தேன், எங்கட வொய்ஸ் சானலில் பதினோராவதாக ஒரு பெயர், மைக் மூடியபடி. அவன். இரண்டு மணித்தியாலமாக நாங்கள் ஆடுவதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். நான் பெயர் சொல்லிக் கூப்பிட முன்னமே அந்தப் பெயர் மறைந்துவிட்டது. அடுத்த கிழமை கில்டிலும் இல்லை. நேரில் இப்பவும் சந்திப்போம், குடும்பம், வேலை எல்லாம் கதைப்போம். அதைப் பற்றி மட்டும் கதைத்ததில்லை.

மூன்று_ஸ்டார்:

மஞ்சள்குருவி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். காரணம் சொன்னால் போதும் என்று நான் எழுதியது தவறு. கேட்கிற ஆள் இருக்க வேண்டும். ஸ்காபறோ நண்பரே, அந்தப் பதினோராவது பெயரைப் பற்றி அவரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் பார்த்தீர்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

கல்கோட்டை:

எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று ராத்திரி மறுபடி அண்ணாவுடைய டேக்கைப் போட்டுப் பார்த்தேன். எப்போதும் கிளான் இடம் காலியா என்றுதான் பார்ப்பேன், வேறெதையும் கவனித்ததில்லை. நேற்றுதான் டவுன்ஹாலைப் பார்த்தேன். நான் கிக் செய்தபோது 11. இப்போது 15. இத்தனை வருஷமும் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், எந்தக் கிளானிலும் சேராமல், டொனேஷன் வாங்காமல், தனியாக.

எங்கள் கிளானில் இப்போது 11 பேர்தான். இன்வைட் பட்டனை அழுத்தினேன். கிக் செய்யும்போது வந்த மாதிரி எழுதுவதற்கு ஒரு பெட்டி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கிளான் பேரோடு வெறும் அழைப்பு மட்டும்தான் போகும். போயிருக்கிறது.